உங்களுக்குத் தெரியுமா? ராத்திரி ரயிலும் கைப்பைப் போர்வையும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரில் ரயில் நிலையம் கிடையாது. ஊர்க்காரர்கள் சென்னைக்குப் போவதென்றால் மணப்பாறைக்கோ திருச்சிக்கோ வந்துதான் ரயில் பிடிக்க வேண்டும். ஆனாலும் ராத்திரிப் பயணம் இந்த ஊருக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில், உறையூரிலிருந்து மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையவன், கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்க வழி சிறுமலைப் பக்கம், இடப்பக்க வழி அழகர்மலைப் பக்கம். கண்ணகிக்கு வெயில் ஆகாது என்று, உடன் போகிறவர்கள் நிலா வெளிச்சத்தில் நடக்கவே முடிவு செய்கிறார்கள். இன்றைக்கும் திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ஓடும் ராத்திரி ரயில்கள் சிறுமலையை ஒட்டித்தான் போகின்றன.

◆

கொடும்பாளூருக்குப் பக்கத்திலுள்ள விராலிமலை மயிலுக்குப் பேர்போனது. மயில் என்றதும் அதற்குப் போர்வை கொடுத்த பேகன் நினைவுக்கு வருவார். மயிலுக்கு அது தேவைப்பட்டிருக்காது. குளிரில் பறவைகள் இறகைச் சிலிர்த்துக்கொள்வது, இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைக்கத்தான். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி, பஞ்சு, கோழி இறகு எல்லாமே இந்தக் காற்றைப் பிடித்து வைக்கிற வேலையைத்தான் செய்கின்றன. போர்வை தானாகச் சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் கனமான ஒரு போர்வை செய்கிற வேலையை மெல்லிய இரண்டு போர்வைகளே செய்துவிடும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஓர் அடுக்குக் காற்று கூடுதலாக மாட்டிக்கொள்கிறதே!

◆

மார்கழியில்கூடத் திருச்சி வட்டாரத்தில் விடிகாலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கே ஸ்லீப்பர் பெட்டியில் ஏன் நடுங்குகிறோம்? உடம்பைச் சுற்றி இருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை, ஓடுகிற ரயிலின் ஜன்னல் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டு போகிறது. பின்னல் இடைவெளி உள்ள கம்பளிக்குள்ளும் அது புகுந்துவிடும். போர்வைக்கு மேலே ஒரு மழைக்கோட்டை விரித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஏசி பெட்டியில் அதே வேலையைக் கூரையிலிருந்து வரும் காற்று செய்கிறது. மேல் பர்த்காரர்கள் எந்தப் பக்கம் தலை வைப்பது என்பதைக் காற்று வரும் துளையைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

◆

நம் வீட்டு 8 முழ வேட்டி அருமையான பயணப் படுக்கை. முனையோடு முனை சேர்த்து இரண்டாக மடித்தால் ஆறடி நீளத்துக்கு இரட்டைத் துணி. மடிப்பு கால்மாட்டில் இருக்கட்டும். ஒரு பக்கத்தை முழுக்கத் தைத்து, மறுபக்கத்தை முழங்கால் உயரம் வரை மட்டும் தைத்துவிடுங்கள். உள்ளே நுழைந்து படுத்தால் நடுராத்திரியில் போர்வை நழுவிக் கீழ் பர்த்காரர் முகத்தில் விழாது. சுருட்டினால் கைப்பையின் ஓரத்தில் அடங்கிவிடும். புது வேட்டி விறைப்பாக இருக்கும், நான்கைந்து முறை துவைத்ததுதான் தோது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடே வாங்கியது, தரையில் விரிக்க அதற்கு ஈடில்லை. ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலம் ஏற முடியாது.

◆

ஹோல்டால் எங்கே போயிற்று? தலையணை, மெத்தை, போர்வை எல்லாவற்றையும் கேன்வாஸில் சுருட்டி, தோல்வார் போட்டு இறுக்கிய அந்த மூட்டையை இன்றைய பிள்ளைகள் பழைய சினிமாவில்தான் பார்த்திருப்பார்கள். அப்போது இரண்டாம் வகுப்பில் படுக்கை வெறும் மரப்பலகை. மது தண்டவதே 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்தபோது, பலகைமேல் இரண்டு அங்குல நுரைமெத்தை போடச் செய்தார். அதன் பிறகு மெத்தை சுமக்கிற வேலை மெல்ல மெல்ல ஒழிந்தது.

◆

மெத்தை இருந்தாலும் ரெக்ஸின் உறை ஜில்லென்றுதான் இருக்கும். முதுகுக்கு அடியில் துணி நசுங்கிவிடுவதால் அதில் காற்று நிற்காது. போர்த்துவது போலவே விரிப்பதும் முக்கியம். ஒன்றும் இல்லையென்றால் விரிப்புக்கு அடியில் செய்தித்தாளை நான்கைந்து தாளாகப் பரப்பலாம்.

◆

வெள்ளிக் காகிதம் போல மின்னும் அவசரகாலப் போர்வை, 1964-ல் நாசாவின் விண்வெளித் தேவைக்காக உருவான தொழில்நுட்பம். மெல்லிய பிளாஸ்டிக்கில் உலோகப் பூச்சு. உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். ஆனால் புரளும்போதெல்லாம் சரசரக்கும். வியர்வையும் உள்ளேயே தங்கிவிடும். பெட்டியில் எட்டுப் பேர் சாபம் கொடுக்கச் சம்மதம் என்றால் எடுத்துப் போகலாம்!

◆

கால் சூடாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. 1999-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதையே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பாதத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்தால், உடம்பின் உள்வெப்பம் எளிதில் குறைந்து தூக்கத்துக்கு வழி விடுகிறது. அந்த உள்வெப்பம் மிகவும் இறங்குவது விழிப்பதற்கு ஓரிரண்டு மணி நேரத்துக்கு முன்னால். விழுப்புரம் தாண்டியதும் திடீரென்று குளிர்கிறதே, அதற்கு உங்கள் உடம்பும் ஒரு காரணம். படுக்கும்போதே ஒரு ஜோடி காலுறையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

◆

ஏசி பெட்டியில் தரும் விரிப்புகள் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சலவைக்குப் போக வேண்டும். கம்பளி? மாதத்துக்கு ஒரு முறையாவது துவைக்கிறோம் என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் மக்களவையில் பதில் சொன்னார். பெட்டியில் இரண்டு விரிப்பு கொடுப்பதன் ரகசியம் இதுதான்: ஒன்று கீழே, மற்றது உங்களுக்கும் கம்பளிக்கும் நடுவே. கம்பளிக்கே உறை போடும் சோதனை முயற்சி 2025 அக்டோபரில் ஜெய்ப்பூரில்தான் தொடங்கியது.

◆

ஸ்லீப்பர் வகுப்பில் காசு கொடுத்து விரிப்பு, தலையணையைப் பயணத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் வசதி 2026 ஜனவரி 1 முதல் சில ரயில்களில் வரும் என்று தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் அறிவித்தது. இரண்டும் சேர்த்து 50 ரூபாய். பட்டியலில் இருந்த சிலம்பு எக்ஸ்பிரஸ், புதுக்கோட்டை வழியாகப் போகிற வண்டி.

◆

இறங்கும்போது ரயிலில் கொடுத்த விரிப்பை மறதியாக உங்கள் பைக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள். ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பதற்கு எதிரான 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில், முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. கடையில் புதிதாக வாங்கினாலே சில நூறு ரூபாய்தான்.