தூரத்தை அளந்தால் நேரம் மிஞ்சுமா?

பந்து ஓடும் நேரத்தைக் காட்டிலும் ஆட்டக்காரர் நிற்கும் நேரம் மிகுதியாக உள்ள விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே கோல்ஃப். நால்வர் சேர்ந்து ஒரு சுற்று ஆடி முடிக்க நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம். கூட்டம் மிகுந்த நாள்களில் ஐந்து மணி நேரத்தைக் கடப்பதும் உண்டு. அரை நாளை விழுங்கும் ஓர் ஆட்டத்துக்கு, வேலைக்குச் செல்வோர் எவ்வளவு காலம் வருவார்கள்? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கோல்ஃப் அமைப்புகளை நெடுநாளாக வாட்டி வரும் கேள்வி இது.

இந்த நோய்க்கு மருந்தாக ஒரு சிறு கருவி முன்வைக்கப்பட்டது. தொலைவுமானி என்று அதைச் சொல்லலாம். கண்ணருகே வைத்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால், தொலைவில் நிற்கும் கொடிக்கம்பம் எத்தனை கெஜத்தில் உள்ளது என்பதை நொடியில் காட்டிவிடும். அளக்கும் நேரம் குறைந்தால் ஆட்ட நேரமும் குறையும் என்பது எளிய வாதம். அது உண்மைதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எதற்காக அளக்க வேண்டும்?

கோல்ஃப் மைதானத்தில் 18 பாதைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு தொடக்க மேடையில் ஆரம்பித்து, மென்மையாக வெட்டப்பட்ட ஒரு பசுந்தளத்தில் முடியும். அத்தளத்தில் உள்ள சிறு குழியில், கூடிய மட்டும் குறைந்த அடிகளில் பந்தை விழச் செய்ய வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் மூன்று அடிகளில் முடிக்கத்தக்க பாதையைக் குறும்பாதை என்றும், நான்கு அடிகளுக்கு உரியதை நடுப்பாதை என்றும், ஐந்து அடிகளுக்கு உரியதை நெடும்பாதை என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

ஆட்டக்காரர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மட்டையும் பந்தை ஒவ்வொரு தூரத்துக்கு அனுப்பும். அடுத்தடுத்த மட்டைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 10 கெஜம். (ஒரு கெஜம் 0.9144 மீட்டர்.) ஆகவே, தூரம் தெரிந்தால்தான் மட்டையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

முற்காலத்தில் கண்மதிப்பே அளவுகோல். 1961-இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில் அமெரிக்க அமெச்சூர் போட்டி நடைபெற்றபோது, ஜாக் நிக்லஸ் என்ற இளைஞர் தம் நண்பர் டீன் பீமனின் யோசனைப்படி, காலடிகளால் தூரங்களை முன்கூட்டியே அளந்து குறித்துக்கொண்டு ஆடினார், வெற்றியும் பெற்றார். பின்னர் இவ்வழக்கம் பரவிற்று. தூரங்களைக் குறித்த கையேடுகள் அச்சாயின. மைதானத்தில் நீர் தெளிக்கும் குழாய் மூடிகளின் மேலும் தூரங்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண ஆட்டக்காரர் அருகிலுள்ள மூடியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து தம் பந்து வரை காலடியால் அளந்து, கூட்டியோ கழித்தோ தூரத்தைக் காண்பார். தொலைவுமானி மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்படும் நேரம் இதுதான்.

ஒளியே அளவுகோல்

லேசர் 1960-இல் பிறந்தது. லேசர் தொலைவுமானி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பு ஒன்றைக் கொடிக்கம்பத்தை நோக்கி அனுப்புகிறது. அது பட்டுத் திரும்பும் வரை ஆகும் நேரத்தைக் கருவி அளக்கிறது. ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கொடி 150 கெஜத்தில், அதாவது சுமார் 137 மீட்டரில் இருந்தால், போய்வரும் தூரம் 274 மீட்டர். இதற்கு ஒளி எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கெஜப் பிழை கூட இல்லாமல் அளக்க வேண்டுமானால், நொடியின் நூறு கோடியில் 6 பங்கு என்ற நுட்பத்துடன் நேரத்தைக் கணிக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் கருவி இதைச் செய்கிறது என்பது வியப்புக்குரியதே.

ஜி.பி.எஸ். கருவி வேறு வழியில் செல்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சைகைகளைக் கொண்டு, தான் நிற்கும் இடத்தை அது அறிகிறது. மைதானத்தின் வரைபடம் அதன் நினைவகத்தில் இருப்பதால், பசுந்தளத்தின் முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு ஆகியவற்றின் தூரங்களைக் காட்டும். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சைகைகளில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அது நீங்கிய பிறகே இக்கருவி கோல்ஃபுக்கு உகந்ததாயிற்று.

விதி இளகிய கதை

கோல்ஃப் விதிகளை வகுப்பவை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த ஆர் அண்ட் ஏ அமைப்பும், அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. அமைப்பும் ஆகும். தொடக்கத்தில் தொலைவுமானிக்கு ஆட்டத்தில் இடமில்லை. 2006 முதல், விரும்பும் மைதானங்கள் உள்ளூர் விதி மூலம் அனுமதிக்கலாம் என்றாயிற்று. 2019-இல் நிலைமை தலைகீழானது: தடை செய்யும் உள்ளூர் விதி இல்லாவிடில் அனுமதி உண்டு. ஆயினும், மேடுபள்ளத்தையோ காற்றின் வேகத்தையோ அளக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

தொழில்முறைப் போட்டிகள் தயங்கின. அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் 2017-இல் தன் கீழ்நிலைப் போட்டித் தொடர்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. அதன் பின்னும் முதன்மைப் போட்டிகளில் அனுமதிக்கவில்லை. வேறோர் அமைப்பான அமெரிக்க பி.ஜி.ஏ. சங்கம், ஆட்டத்தின் ஓட்டம் சீர்படும் என்று கூறி, 2021 முதல் தன் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் அனுமதித்தது. 2025 ஏப்ரல், மே மாதங்களில் பி.ஜி.ஏ. டூர் தன் முதன்மைப் போட்டிகள் சிலவற்றிலும் சோதனையாக இடமளித்தது. இத்தனை சோதனைகள் தேவைப்பட்டன என்பதிலிருந்தே, பயன் கண்கூடாகத் தெரியக்கூடியதன்று என்பது புலனாகும்.

தாளில் 17 நிமிடம்

இப்போது நம் கணக்குக்கு வருவோம். சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சுற்றில் 90 அடிகள் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 36 அடிகள் பசுந்தளத்தின் மேல் பந்தை உருட்டுபவை. அங்கே கருவிக்கு வேலையில்லை. நடுப்பாதையிலும் நெடும்பாதையிலும் மேடையிலிருந்து அடிக்கும் 14 முதல் அடிகளில், கூடியவரை நெடுந்தூரம் அடிப்பதே பெரும்பாலும் நோக்கம். பசுந்தளத்தை ஒட்டிய சிறு தட்டல்களையும் கழித்தால், தூரம் தெரிந்தாக வேண்டிய அடிகள் சுமார் 25 எஞ்சும். நால்வருக்கு 100. அடிக்குப் பத்து நொடி மிச்சம் என்று தாராளமாகக் கொண்டாலும் 1,000 நொடி. சுமார் 17 நிமிடம்.

இந்தப் பதினேழும் கைக்கு வந்து சேர்வதில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, ஒருவர் அடிக்கும்போதே மற்றவர் தம் தூரத்தை அளந்துகொள்ளலாம். காலடியால் அளந்தாலும் அப்படித்தான். அடுத்தவர் அடிக்கும் நேரத்துக்குள் அளந்து முடித்தால், அந்த அளத்தலுக்குத் தனி நேரம் ஆவதில்லை. ஆகாத நேரத்தை எந்தக் கருவியாலும் மிச்சப்படுத்த முடியாது.

இரண்டாவது, புதிய தகவல் பழைய தகவலை விரட்டுவதில்லை. அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கொடியின் தூரம் மட்டும் போதாது. பசுந்தளத்தின் முன் விளிம்பு எங்கே, குறுக்கே உள்ள மணற்குழியைத் தாண்ட எத்தனை கெஜம் வேண்டும், கொடிக்குப் பின்னால் எவ்வளவு இடம் உள்ளது என்பனவெல்லாம் வேண்டும். லேசரைக் கொடியின் மேல் வைத்தால் கிடைப்பது ஒரே எண். ஆகவே அவர் கருவியையும் பார்ப்பார், கையேட்டையும் புரட்டுவார். சாதாரண ஆட்டக்காரருக்கோ வேறு தொல்லை. கை சற்றே நடுங்கினால் கருவி கொடியை விட்டுப் பின்னால் உள்ள மரத்தின் தூரத்தைக் காட்டும். ஐயம் வந்து மீண்டும் அழுத்துவார். 147 கெஜமா 149 கெஜமா என்று பார்த்து நிற்கும் அவர் அடிக்கும் பந்து, அடிக்கு அடி பத்துப் பதினைந்து கெஜம் வேறுபட்டு விழக்கூடியது!

மூன்றாவது காரணம் இவ்விரண்டையும் விடப் பெரிது. அது ஆட்டக்காரரிடமோ கருவியிடமோ இல்லை, வரிசையில் இருக்கிறது.

ஒற்றைவழிப் பாலம்

அகன்ற சாலையில் எவ்வளவு விரைந்து வந்தாலும், ஒற்றைவழிப் பாலத்தின் முன் பேருந்து வரிசையில் நிற்கத்தான் வேண்டும். கோல்ஃபில் அந்தப் பாலம் குறும்பாதைதான். நடுப்பாதையில் முன்குழு தன் இரண்டாம் அடியை முடித்து நகர்ந்ததும் பின்குழு மேடையிலிருந்து அடிக்கலாம். ஒரே பாதையில் இரு குழுக்கள் இருக்க முடியும். குறும்பாதையில் முதல் அடியே பசுந்தளத்துக்குச் செல்வதால், முன்குழு ஆடி முடித்துக் கொடியை நட்டு வெளியேறும் வரை பின்குழு கைகட்டி நிற்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 8 நிமிடத்துக்கு ஒரு குழுவாக மைதானத்துக்குள் அனுப்புகிறார்கள். முதலில் வரும் குறும்பாதையைக் கடக்க ஒரு குழுவுக்கு 10 நிமிடம் ஆகிறது. முதல் குழுவுக்குக் காத்திருப்பு இல்லை. இரண்டாம் குழு 2 நிமிடம் நிற்கும். மூன்றாவது 4 நிமிடம். 16-ஆம் குழு 30 நிமிடம். 30-ஆம் குழு 58 நிமிடம்! யாரும் சோம்பேறி அல்லர். யாரும் விதியை மீறவில்லை. ஆயினும் மாலையில் ஆடுபவர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை இழக்கிறார்.

இங்கே தொலைவுமானியைக் கொண்டுவருவோம். ஒரு குழுவிடம் மட்டும் கருவி இருந்தால், நடுப்பாதையில் அது மிச்சப்படுத்தும் நிமிடங்கள், முன்குழுவின் முதுகைப் பார்த்து நிற்பதில் கழியும். எல்லாக் குழுக்களிடமும் இருந்தால், நடுப்பாதையில் மிஞ்சும் ஒரு நிமிடம் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிமிடம்தான். வரிசையில் சேரும் 58 நிமிடத்தில் ஒரு நொடியும் குறையாது. குறும்பாதையில் ஒரு நிமிடம் குறைந்தாலோ, 10 என்பது 9 ஆகும். 16-ஆம் குழுவின் காத்திருப்பு 30-இலிருந்து 15 நிமிடமாகிவிடும். அங்கே மிஞ்சிய ஒரு நிமிடம், வரிசையின் நடுவில் உள்ளவருக்குப் பதினைந்தாகப் பெருகுகிறது.

ஆனால் குறும்பாதையின் தூரம்தான் மேடையிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறதே! அங்கே நேரத்தைத் தின்பது நால்வர் நடப்பதும், பசுந்தளத்தில் குனிந்து நிமிர்ந்து பந்தை உருட்டுவதும் ஆகும். நிமிடம் பொன்னாக விளையும் இடத்தில் கருவிக்கு வேலையில்லை. வேலை உள்ள இடத்தில் நிமிடத்துக்கு அத்தனை மதிப்பில்லை. இதுவே நம் கேள்விக்கு விடை.

பின் எது பயன் தரும்?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வார்டு விட், தொலைபேசி இணைப்பகங்களுக்காக வளர்ந்த வரிசைக் கோட்பாட்டைக் கோல்ஃப் பாதைகளுக்குப் பொருத்தி ஆராய்ந்தார். 2015-இல் வெளியான அவரது ஆய்வு, ஒவ்வொரு வகைப் பாதையும் ஒரு மணி நேரத்தில் எத்தனை குழுக்களைக் கடத்தவல்லது என்று கணக்கிடுகிறது. குறும்பாதையில் ஒரு பழைய உத்தி உண்டு. பசுந்தளத்தை அடைந்த குழு சற்று ஒதுங்கி நின்று, பின்குழுவை அடிக்குமாறு கையசைத்து அழைக்கும். பின்குழு அடித்துவிட்டு நடந்து வருவதற்குள் முன்குழு ஆட்டத்தை முடித்துவிடும். ஒரு காசும் செலவின்றிப் பாலம் அகலமாகிறது.

2019 விதிகளில் வந்த வேறு மாற்றங்களும் நோக்கத்தக்கவை. தொலைந்த பந்தைத் தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 ஆயிற்று. அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்ற பரிந்துரை வந்தது. முறை பாராமல் ஆயத்தமானவர் முதலில் அடிக்கலாம் என ஊக்கம் தரப்பட்டது. கொடியை எடுக்காமலே பந்தைக் குழிக்குள் உருட்டவும் அனுமதி கிடைத்தது. கடைசி இரண்டும் குறும்பாதையிலும் நேரத்தைக் குறைக்கக்கூடியவை என்பதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றிலும் உறுதியான வழி ஒன்று உண்டு. 8 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்பினால், நம் எடுத்துக்காட்டில் காத்திருப்பே இராது. ஆனால் நான்கு மணி நேரத்தில் 30 குழுக்களுக்குப் பதில் 24 குழுக்களே உள்ளே போகும். 120 பேர் கட்டணம் செலுத்திய இடத்தில் 96 பேர். நிர்வாகத்துக்கு வருவாய் குறையும். ஆட்டக்காரரின் பையில் கருவி இருந்தால் தாமதத்துக்கு அவரே பொறுப்பு. அனுப்பும் இடைவெளியை நீட்டினால் நிர்வாகம் பொறுப்பு. எந்த மருந்து முதலில் பரிந்துரைக்கப்படும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

தொலைவுமானி வீண் என்பது இதன் பொருளன்று. பந்து பாதை தவறி, குழாய் மூடியோ குறியோ இல்லாத ஓரத்தில் கிடக்கும்போது அது உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்தும். கூட்டமில்லாத மைதானத்தில் ஆடும் குழு, மிஞ்சிய நிமிடங்களை முழுமையாக அனுபவிக்கலாம். தூரத்தை அறிவதற்கு அது நல்ல கருவி. கூட்டத்தைக் கலைப்பதற்கு அன்று.

மருத்துவமனையிலும் பண்டகசாலையிலும் நாம் நிற்கும் வரிசைகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். எங்கே விரைவு கூட்டினால் வரிசை குறையும் என்று முதலில் கண்டறிய வேண்டும். அந்த இடத்தை விட்டு மற்ற இடங்களில் எவ்வளவு விரைந்தாலும், வரிசையின் கடைசியில் நிற்பவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார்.