எஸ்றா கேளாத காவல்

மும்பையில் வாழும் நம்மவர் பலர் பைக்குல்லா வழியே செல்லுங்கால் மாகேன் தாவீது என்னும் யூதத் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டைக் கண்டிருப்பர். 1864ஆம் ஆண்டில் தாவீது சாசூன் என்ற வணிகப் பெருமகனார் எழுப்பிய கட்டடம் அது. கோட்டைப் பகுதியில் நீலவண்ணம் பூசிய கெனெசெத் எலியாகு என்னும் மற்றொன்றும் உண்டு. அதன் வாயிலில் காவலர் இருப்பர். உள்ளே செல்ல விழைவோர் தாம் இன்னார் என்று காட்டியே செல்லவேண்டும். அண்மையில் அவ்வழியே சென்றபோது, “சாமி வீட்டுக்குப் போலீசு எதற்கு? சாமி பார்த்துக்கொள்ளாதா?” என்று நம் வீட்டுக் குழந்தையொன்று வினவிற்று. உடனடிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். 2008 நவம்பர் 26 இரவு கொலாபாவின் நரிமன் இல்லத்துள் கொலைஞர் புகுந்தனர். அங்கிருந்த இளங்குரு கவ்ரியேல் ஓல்ட்ஸ்பர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் உட்பட அறுவர் மாண்டனர். இரண்டு வயதை எட்டவிருந்த அவர்கள் மகன் மோசேயை மறுநாள் வாரி எடுத்துக்கொண்டு வெளியேறியவர் செவிலித்தாய் சாண்ட்ரா சாமுவேல். இந்நகரத்தார் இதனை எளிதில் மறக்கமாட்டார்.

ஆயினும் குழந்தையின் வினாவுக்கு அது முழுவிடை ஆகாது. அவ்வினாவை யூத மக்களே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தம்முள் கேட்டு வருகின்றனர் என்பதே நமக்கு வியப்பளிப்பது.

பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் தம் மக்கள் கூட்டமொன்றை அழைத்துச் சென்றவர் எஸ்றா என்னும் மறைவல்லார். காலம் கி.மு. 458 என்பது பலரும் கொள்ளும் கணக்கு. பெண்டிரும் பிள்ளைகளும் உடன் வந்தனர். கோயிலுக்கென வெள்ளியும் பொன்னும் மூட்டை மூட்டையாக இருந்தன. வழியிலோ கள்வர் பயம். பாரசீக மன்னனிடம் ஒரு சொல் சொன்னால் குதிரைப்படை துணைக்கு வந்திருக்கும். எஸ்றா கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை அவரே மறைக்காமல் கூறுகின்றார்: வெட்கம்! தம்மை நாடுவோரை இறைவன் காப்பான் என்று மன்னனிடம் முன்னரே சொல்லிவிட்டாராம். சொன்ன வாயால் படை கேட்பது எவ்வாறு? ஆகவே அகாவா ஆற்றங்கரையில் அனைவரும் நோன்பிருந்து வேண்டினர், பின்னர்ப் புறப்பட்டனர், ஏறத்தாழ நான்கு திங்களில் இடையூறின்றி ஊர் சேர்ந்தனர்.

சில ஆண்டுகட்குப் பின் அதே வழியில் நெகேமியா வருகின்றார். இவரும் இறைப்பற்றில் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் மன்னன் அனுப்பிய படைத்தலைவரும் குதிரைவீரரும் உடன்வர யாதொரு தயக்கமும் கொண்டாரில்லை. எருசலேமின் இடிந்த மதிலை எடுப்பிக்குங்கால் பகைவர் சூழ்ந்தனர். நெகேமியா வேண்டுதலும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். ஆட்களுட் பாதிப்பேர் வேலேந்தி நிற்க மறுபாதியினர் வேலை செய்தனர். சுமை தூக்குவோர் ஒரு கையில் படைக்கலம் பிடித்தனர். ஐம்பத்திரண்டு நாளில் மதில் முடிந்தது. எபிரேய மறையில் இவ்விருவர் வரலாறும் நெடுங்காலம் ஒரே நூலாக எண்ணப்பெற்றது. வெட்கப்பட்டவரையும் படையோடு வந்தவரையும் ஒரே ஏட்டில் வைத்துப் போற்றிய மனப்பாங்கு நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

நம்பிக்கையை அவர்கள் ‘பித்தகோன்’ என்பர். மனிதன் செய்யவேண்டிய முயற்சியை ‘இஷ்தத்லூத்’ என்பர். இவ்விரண்டின் எல்லை எங்கே என்ற கேள்விக்கு ஒருமுறை உயிர்களையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. கி.மு. 167ஐ ஒட்டி, அந்தியோக்கஸ் மன்னனின் கொடுமைக்கு அஞ்சிப் பாலைநிலத்திற் பதுங்கியிருந்தோரைப் படையினர் ஓய்வுநாளன்று தாக்கினர். ஓய்வுநாளின் தூய்மை கெடலாகாதென்று அவர்கள் ஒரு கல்லும் எறியவில்லை. பதுங்கிடத்தின் வாயிலையும் அடைக்கவில்லை. ஆயிரம் பேர் வரை மடிந்தனர். செய்தி கேட்ட மத்தத்தியா என்னும் முதியவரும் அவரைச் சார்ந்தோரும், இவ்வாறே எல்லோரும் இருந்துவிட்டால் ஓய்வுநாளைக் காக்க ஒருவரும் எஞ்சமாட்டார் எனக் கண்டு, இனித் தாக்கினால் அந்நாளிலும் எதிர்த்து நிற்பதெனத் துணிந்தனர். அத்துணிவும் அரைகுறையாகவே நின்றது போலும்! கி.மு. 63இல் உரோமத் தளபதி பாம்பேயு எருசலேமை முற்றுகையிட்டபோது, நேரே தாக்கினாலன்றி ஓய்வுநாளில் யூதர் கைதூக்கார் என்பதறிந்து, அந்நாள்களில் தாக்காமல் முற்றுகை மேட்டை மட்டும் உயர்த்திக்கொண்டான் என வரலாற்றாசிரியர் யோசேபசு எழுதுகின்றார்.

பிற்காலத்துத் தால்மூத் அறிஞர் உயிர்காத்தல் ஓய்வுநாளினும் மேலானதென வரையறுத்தனர். எல்லைப்புற ஊராயின், வருபவர் வைக்கோலுக்காகவே வந்தாலும் ஓய்வுநாளில் படைக்கலத்தோடு எதிர்செல்லலாம் என்றனர். எனினும் ஏனைய இடங்களில் அந்நாளில் வாளணிந்து வெளியே செல்லலாமா என்றொரு வழக்கு எழுந்தது. வாளும் வில்லும் ஆடவனுக்கு அணிகலன் என்றார் எலியேசர் என்ற குரு. இல்லை, அவை இழுக்கே என்றனர் மற்றையோர். மற்றையோர் கருத்தே நிலைத்தது.

மதில்வரி பற்றிய வழக்கோ இன்றும் ஓயவில்லை. ஊர் மதிலுக்கான செலவில் அநாதைக் குழந்தைகளின் சொத்தும் பங்கு தரவேண்டும், மறை ஓதுவோர் மட்டும் தரவேண்டா, ஓதுதலே அவர்க்குக் காவல் என்று தால்மூத்தில் ஒரு விதி உளது. கிணறு தோண்ட மட்டும் ஓதுவாரும் பங்கு தரவேண்டும். நீர் வேட்கை அவர்க்கும் உண்டன்றோ! 1948இல் இசுரேல் நாடு தோன்றியபோது பென் குரியோன் சுமார் 400 மறைமாணவரைப் படைப்பணியினின்று விலக்கிவைத்தார். நாளடைவில் அத்தொகை பல்லாயிரமாகப் பெருகிற்று. 2024 சூன் 25 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லையெனத் தீர்ப்பளித்தது. ஓதுதலும் நாட்டைக் காக்கின்றது என்பார் ஒருபுறம்; மகனைப் போரில் இழந்த தாயர் மறுபுறம். அத்தாயரிடம் மதில்வரி விதியை எடுத்துச் சொல்ல நமக்கு நாவெழாது.

குழந்தைக்கு நாம் கடைசியாகச் சொன்னது ஒரு கதவின் கதையை. 2019 அக்டோபர் 9, யூதரின் பாவமன்னிப்பு நோன்புநாள். செருமனியின் ஆல்லே நகரத் தொழுகைக்கூடத்தில் சுமார் 50 பேர் வழிபாட்டில் இருந்தனர். வாயிலில் போலீசுக் காவல் இல்லை. துப்பாக்கியோடு வந்த ஒருவன் வெளிக்கதவைச் சுட்டான். உள்ளிருந்தோர் அவனைக் காமிராத் திரையிற் கண்டு, கைக்குக் கிடைத்ததை எல்லாம் கதவுக்கு முட்டுக்கொடுத்தனர். தடித்த மரக்கதவு திறக்கவில்லை. அவன் திரும்பிச் சென்று தெருவில் ஒரு பெண்ணையும் அருகிருந்த உணவுக்கடையில் ஓர் இளைஞனையும் கொன்றான். உள்ளிருந்தோர் வழிபாட்டைத் தொடர்ந்தனர். பிற்பகல் அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். பொழுது சாய, எஞ்சிய இறுதி வேண்டுதலை அங்கேயே சொல்லி முடித்து நோன்பு துறந்தனர். குண்டு துளைத்த அக்கதவை 2020இல் கழற்றி, தொழுகைக்கூட முற்றத்திலேயே நினைவுச்சின்னமாக நிறுத்தியுள்ளனர்.

“கதவைச் செய்த தச்சர் யார்?” என்று கேட்டது குழந்தை.