சரளை ரயிலில் வளர்ந்த கவிஞன்

கவிஞன் என்றால் பெரிய படிப்புப் படித்தவர் வீட்டில்தான் பிறப்பான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ‘கூலி வேலை செய்யிற வீட்டுப் புள்ளைக்குக் கவிதை வருமா?’ என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இந்த வாரம் ஒரு ரயில் தொழிலாளி மகனின் கதையைச் சொல்கிறேன்.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. அங்கே பார்ரால் என்ற ஊரில் 1904 ஜூலை 12-ல் பிறந்தவர் பாப்லோ நெரூடா. பெற்றோர் வைத்த பெயர் வேறு. தாய் பள்ளி ஆசிரியை. பிள்ளை பிறந்து இரண்டே மாதத்தில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. தகப்பனார் தெற்கே தெமுகோ என்ற ஊரில் குடியேறி மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னை தங்கமானவர். மாற்றாந்தாய் என்று அழைக்க நெரூடாவுக்கு வாய் வரவில்லை. ‘அம்மா’ என்ற சொல்லிலிருந்தே ஒரு தனிச்சொல் உண்டாக்கி அழைத்தார்.

தகப்பனாருக்குச் சரளைக்கல் ஏற்றும் ரயிலில் வேலை. அந்தப் பக்கம் மழை கொட்டினால் லேசில் விடாது. தண்டவாளத்துக்கு அடியில் கல் அரித்துக்கொண்டு போகும். உடனுக்குடன் கல்லை வெட்டிக் கொண்டுவந்து கொட்டாவிட்டால் பாதையே போய்விடும். மலாயாவில் ரயில் பாதை போட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்த வேலையின் பாடு தெரியாதா என்ன?

சிறுவன் அந்த ரயிலில் தகப்பனாரோடு காட்டுக்குள் போவான். உடன் வந்தவர்கள் முரட்டுக் கல்வெட்டிகள். சிறை கண்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. மோங்கே என்று ஒருவர், முகத்தில் கத்தி வெட்டுத் தழும்பு. அந்த மனிதர்தான் வண்டுகளையும் காட்டுப் பூக்களையும் பொறுக்கிவந்து சிறுவன் கையில் கொடுப்பார். பின்னாளில் அவர் ரயிலிலிருந்து பள்ளத்தில் விழுந்து மாண்டார். நெரூடா அவரை மறக்கவில்லை. தம் வாழ்க்கை நூலில் எழுதி வைத்தார். அந்த மோங்கேயை இன்று உலகம் அறிகிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை எழுதியதுதான்.

சிறு வயதில் சிற்றன்னைக்காக ஒரு கவிதை எழுதி, அதைத் தகப்பனாரிடம் நீட்டினார் நெரூடா. எதைப் பார்த்து எழுதினாய் என்பதுபோல் கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம் அவர். கவிதை சோறு போடாது என்ற பயம். மழையில் நனைந்து சம்பாதித்த மனிதருக்கு அந்தப் பயம் வருவது இயல்புதான். ஆனால் அதனால்தான் 1920-ல் மகன் தகப்பனாருக்குத் தெரியாமல் எழுத ‘நெரூடா’ என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார்.

அதே ஆண்டு கப்ரியேலா மிஸ்த்ரால் என்ற கவிஞர் தெமுகோவின் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தார். டால்ஸ்டாய், செகாவ் போன்ற ரஷ்ய ஆசிரியர்களின் புத்தகங்களை இந்தப் பையனுக்குக் கொடுத்துப் படிக்கச் செய்தார். 1945-ல் அந்த அம்மையாருக்கு நோபல் பரிசு, 1971-ல் நெரூடாவுக்கு. ஒரு சிற்றூரில் புத்தகம் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே நோபல் பெற்றார்கள்!

1921-ல் நெரூடா தலைநகர் சாந்தியாகோவுக்குப் படிக்கப் போனார். 1923-ல் முதல் நூலை அச்சுப்போடப் பணமில்லை. இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார். தகப்பனார் கொடுத்த கடிகாரத்தையும் அடகு வைத்தார். 1945-ல் வெடியுப்பு, செம்புச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த வட மாகாணங்களின் மக்கள் அவரைத் தங்கள் செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். சரளை ரயிலில் வளர்ந்தவரைத் தங்களில் ஒருவராகத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

தோழர்களே, உங்கள் பிள்ளை நாலு வரி எழுதிக்கொண்டு வந்தால், ‘எங்கேடா காப்பியடிச்சே?’ என்று கேட்காதீர்கள். படிக்கத் தெரிந்தால் படியுங்கள். தெரியாவிட்டால், ‘நீயே படிச்சுக் காட்டு, கேக்கிறேன்’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். மறுநாள் அதைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். நம் வியர்வையை எழுத வேண்டியவன் நம் வீட்டிலேயே இருக்கலாம்.