பத்தை எண்ணத் தெரிந்தால் ஆயிரம் வரும்

ஜனவரி விடியலில், ராதாபுரம் பக்கத்துக் குளத்துக்கரையில் நாலு பேர் பைனாகுலரும் கையுமாக நின்றால் போதும், ஊருக்குள் சேதி பரவிவிடும். "என்னய்யா பாக்கீய? மீன் குத்தகைக்கு வந்தீயளா?" இல்லை தாத்தா, பறவை எண்ண வந்திருக்கிறோம் என்றால், அடுத்த கேள்வி இன்னும் அருமை: "பறக்கிறத எப்பிடிய்யா எண்ணுவிய?"

அந்த வித்தையைத்தான் சொல்லப்போகிறேன். கற்றுக்கொண்டவர்களுக்குக் குளம் பிறகு ஒருபோதும் பழைய குளமாகத் தெரியாது!

மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், கேமரா பித்தர்கள் எல்லாரும் குழு குழுவாகப் பிரிந்து குளங்களுக்குப் போவார்கள்.

முதல் பாடம் சூரியன். வெயில் முதுகில் விழும்படி நிற்க வேண்டும். முகத்தில் அடித்தால் ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் ஒரே கறுப்புப் புள்ளிதான். அடுத்ததுதான் மந்திரம். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவைப் பக்கத்தில் வைக்க வேண்டும்: இருபது, முப்பது, நாற்பது. நூறு வந்ததும் அந்த நூறே புது அளவுகோல். பூக்காரம்மா முழம் போடுகிற லாகவம்தான் இதற்கும் வேண்டும். கூட்டம் நடுவில் நெருங்கியும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும்; அளவை அதற்கேற்பச் சுருக்கி விரிக்க வேண்டும். நெருக்கமான கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதுதான் புதுக்கண்ணின் இயல்பு.

ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். "நாமக்கோழி?" "இருநூறு தாண்டிட்டு, பொறு பொறு!" அந்த நேரம் பார்த்துச் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரும். மொத்தக் குளமும் எழும்பும்! எண்ணியது அத்தனையும் போச்சு. ஆனால் கோரைக்குள் பதுங்கியிருந்த கூட்டமும் அப்போதுதான் வெளியே வரும். தலைக்கு மேல் ஆயிரம் சிறகு அடிக்கிற சத்தத்தைக் கேட்டவர்கள் மறுபடி முதலிலிருந்து எண்ணச் சலித்துக்கொள்வதே இல்லை.

மேற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டில் கணக்கே வேறு. அங்கே விலங்குகள் மறைந்திருக்கும். குறித்த பாதையில் நடந்து, கண்ணில் பட்டதையும் அது நின்ற தூரத்தையும் எழுதி, படாததைக் கணிப்பார்கள். குளத்தில் பெரும்பாலும் எல்லாம் கண்முன்னே இருப்பதால் முழு எண்ணிக்கைக்கே துணிகிறார்கள்.

குளத்துக்கணக்கை எழுதும் படிவத்தில் நான் மிகவும் மதிப்பது பறவைகளின் பத்தியை அல்ல, குளத்தின் பத்தியை. தண்ணீர் எவ்வளவு, சீமை உடை எவ்வளவு ஏறியிருக்கிறது, குப்பை, ஆக்கிரமிப்பு என்று அங்கே எழுதுவார்கள். இது இல்லாமல் எண்ணிக்கைக்கு அர்த்தமே கிடைக்காது. ராதாபுரம் வட்டாரக் குளங்கள் மழையையும், நம்பியாற்றையும், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வரும் ராதாபுரம் கால்வாயையும் நம்பியவை. நல்ல மழை பெய்து குளம் கரைமுட்ட நிறைந்தால், நெடுங்கால் உள்ளானுக்கு நிற்க ஆழமில்லாத தண்ணீர் கிடைக்காது. அது வேறிடம் போய்விடும். எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று பதறுகிறவரிடம் அந்தப் பத்தியைக் காட்டினால் போதும்.

பறவைகள் இப்படிக் குளம் மாறுவதால்தான் எல்லாக் குளங்களையும் ஒரு சில நாட்களுக்குள் எண்ணி முடிக்கிறார்கள். சரணாலயத்தை மட்டும் எண்ணினால் போதாது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் 1994இலேயே சரணாலயமாகிவிட்டது. பிறகு முக்கிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கு அந்த எல்லைக்கோடு தெரியுமா என்ன? பெயர் தெரியாத ஊர்க்குளத்திலும் அது இறங்கும். அந்தக் குளத்துக்கு வனக்காவலர் கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது நோட்டோடு வந்தால்தான் அது கணக்கில் நிற்கும்.

மாலையில் படிவங்களை ஒப்பிடும்போதுதான் உச்சக்கட்ட உற்சாகம். இரண்டு குழு ஒரே பூநாரைக் கூட்டத்தை எழுதியிருக்கும். "நாங்க பாத்தது ஏழரைக்கு!" "அது எழும்பி இந்தப் பக்கம் வந்தது எட்டுக்கு!" நேரத்தையும் பறந்த திசையையும் வைத்து வழக்கைத் தீர்த்து, ஒன்றை அடித்துவிடுவார்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மணி எழுதச் சொல்வது.