பட்டா இல்லாத கண்டம்

அண்டார்டிகாவில் இந்தியா இரண்டு ஆய்வு நிலையங்களை நடத்துகிறது. 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி. இரண்டும் நிற்கிற மண்ணில் ஒரு சென்ட்கூட இந்தியாவுக்குச் சொந்தமில்லை. மைத்ரி இருக்கும் பகுதி தன்னுடையது என்கிறது நார்வே. பாரதி இருக்கும் பகுதியை ஆஸ்திரேலியா தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. இந்தியா இவர்கள் யாருக்கும் குத்தகை கொடுப்பதில்லை. அவர்களும் காலி செய்யச் சொல்வதில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்காத சங்கதி. வரப்பு அரை அடி நகர்ந்தாலே சர்வேயரைக் கூப்பிடுகிற ஊர். போதாக்குறைக்கு, நம் பட்டா முறைக்கு அடித்தளம் போட்ட மண்ணும் இதுதான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த சேலம், பாரமகால் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி சார்பில் நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறையை அவர்கள் இங்கேதான் முதலில் நடத்திப் பார்த்தார்கள்.

உழவரே இல்லாத நிலத்துக்கு என்ன வழி? ஆளில்லாத நிலத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதை ஆண்டு காட்டவும் வேண்டும் என்பது பழைய பன்னாட்டு விதி. பனிப் பிரதேசத்தில் எதை ஆள்வது? இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. 1931 ஜூலையில் நார்வே, கிழக்கு கிரீன்லாந்தின் ஒரு பகுதியைத் தன்னுடையது என்று அறிவித்தது. டென்மார்க் வழக்குப் போட்டது. 1933 ஏப்ரலில் ஹேக் நகரின் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் டென்மார்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மனிதர் அரிதான இடங்களில் ஆட்சிக்கான சான்று கொஞ்சம் இருந்தாலே போதும், எதிராளியிடம் அதைவிட வலுவான சான்று இல்லாதவரை என்றார்கள். சட்டம் இயற்றியது, உரிமம் கொடுத்தது போன்ற காகித வேலைகளே அங்கே ஆட்சியாக எடுபட்டன.

அண்டார்டிகாவில் பங்கு கேட்டவர்களுக்கு இது தோதாகப் போயிற்று. பிரிட்டன், நியூசிலாந்து, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நார்வே, சிலி, அர்ஜென்டினா என ஏழு நாடுகள் கண்டத்தைக் கூறு போட்டுக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் கூறு மட்டும் கண்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா மூன்றும் ஒரே தீபகற்பத்தைக் கேட்கின்றன. ஹிட்லரின் ஜெர்மனி அனுப்பிய குழு, 1939 ஜனவரியில் விமானத்திலிருந்து ஸ்வஸ்திகா பொறித்த உலோகக் கம்பிகளைப் பனியில் எறிந்து எல்லை குறித்தது. அதே மாதம் முந்திக்கொண்டு அந்தப் பகுதியை நார்வே தன்னுடையதாக அறிவித்தது. அந்தக் குழுவின் விமானிகளில் ஒருவர் பெயர் ஷிர்மாக்கர். அவர் கண்ட பாறைக் குன்றுகளுக்கு அவர் பெயரே நிலைத்தது. நம் மைத்ரி இருப்பது அந்த ஷிர்மாக்கர் குன்றுகளில்தான். கம்பிகளால் ஜெர்மனிக்கு ஒரு பிடி மண்ணும் வரவில்லை.

இந்தச் சண்டையை 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிகா ஒப்பந்தம் தீர்க்கவில்லை. நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான். அதன் நான்காவது பிரிவைப் போலச் சாமர்த்தியமான சட்ட வாசகத்தை நான் பார்த்ததில்லை. பழைய உரிமைக் கோரிக்கைகளை அது ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. புதிதாக யாரும் உரிமை கோரக்கூடாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அங்கே யார் என்ன செய்தாலும் அது உரிமைக்கு ஆதாரமாகாது.

கடைசி வரிதான் உயிர்நாடி. நம் ஊரில் தனியார் நிலத்தை 12 ஆண்டு, அரசு நிலத்தை 30 ஆண்டு, வெளிப்படையாகவும் இடைவிடாமலும், உரிமையாளருக்கு எதிராக அனுபவித்து வந்தவர் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். எதிரிடை அனுபவம் என்பார்கள் வக்கீல்கள். மைத்ரி 35 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. அர்ஜென்டினா ஒரு கர்ப்பிணியைத் தன் முகாமுக்கு விமானத்தில் கொண்டுபோய், 1978-இல் பிரசவம் பார்த்தது. அந்தக் கண்டத்தில் பிறந்த முதல் குழந்தை அது. சட்டப்படி அதற்கும் மதிப்பில்லை.

அப்படியானால் அத்தனை செலவில் நிலையம் கட்டுவது எதற்கு? அறிவியலுக்கு என்பது பாதி பதில். ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் ஓட்டுரிமை வேண்டுமானால், அங்கே கணிசமான ஆய்வு செய்து காட்ட வேண்டும் என்பது மீதி. 1956-இலேயே இந்தியா இந்தப் பிரச்சினையை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோகப் பார்த்தது. பங்கு கேட்ட நாடுகள் விரும்பவில்லை. 1982 ஜனவரி 9 அன்று எஸ்.இசட்.காசிம் தலைமையில் 21 இந்தியர் அங்கே போய் இறங்கிய பிறகு நிலைமை மாறியது. 1983 ஆகஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்த இந்தியாவுக்கு, செப்டம்பரிலேயே ஓட்டுரிமை கிடைத்துவிட்டது. காசிம் குழு போன கப்பல் நார்வேயிடம் வாடகைக்கு எடுத்தது என்பதுதான் வேடிக்கை.

அங்கே ஓர் இந்தியர் குற்றம் செய்தால்? நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை, ஆள் யாருடையவர் என்று பார்க்கிறார்கள். 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய அண்டார்டிகா சட்டம் நம் ஆட்களைத் தொடர்ந்து அங்கேயும் போகிறது.

தனி ஆள் போய் வளைத்துப் போட முடியுமா? மேரி பேர்டு லேண்ட் என்ற பகுதியை எந்த நாடும் கேட்கவில்லை. ஏறக்குறைய 16 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் 12 மடங்கு. இணையத்தில் அதற்கு அரசர்களாகத் தங்களுக்கே முடிசூட்டிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களை எந்த நாடும் சீந்தவில்லை. வடதுருவப் பக்கம் கதை வேறு. ஸ்வால்பார்டு தீவுகள் நார்வேயின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஆனால் 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, அதில் சேர்ந்த நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே சொத்து விஷயத்தில் சம நடத்தை உண்டு. இந்தியாவும் அதில் இருக்கிறது. 2024-இல் அங்கே 60 சதுர கிலோமீட்டர் தனியார் நிலம் விற்பனைக்கு வந்தது. தன் ஒப்புதல் இல்லாமல் விற்கக்கூடாது என்று நார்வே அரசு தடுத்துவிட்டது.

இத்தனை இழுபறிக்கும் மண்ணுக்கு அடியில் இருப்பதும் ஒரு காரணம். ஏற்காடு மலையின் சார்னோக்கைட் பாறை கிழக்கு அண்டார்டிகாவிலும் உண்டு. இரண்டும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தவை. மேக்னசைட் வெட்டிப் பழகிய சேலத்துக்கு, அடுத்த கேள்வி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறை ஆய்வு தவிர்த்த கனிமப் பணி அனைத்துக்கும் அங்கே தடை விதித்தது. 2048-இல் தடை தானாக நீங்கிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அதன்பின் மறுபரிசீலனை கேட்கலாம், அவ்வளவே.

நிலவில் இப்படி ஒரு தடை இல்லை. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்து, 2020-இல் காப்புரிமை பெற்றது. நிலாவை எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாது என்கிறது 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். அங்கே தோண்டி எடுத்ததை? நிலவின் வளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்னும் ஒப்பந்தத்தில், காசிம் குழு பனியில் இறங்கிய அதே 1982 ஜனவரியில் இந்தியா கையெழுத்திட்டது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. தோண்டி எடுப்பது மட்டுமே நிலத்தை உரிமை கொண்டாடுவது ஆகாது என்னும் அமெரிக்க முன்முயற்சியான ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூனில் கையெழுத்திட்டதும் அதே இந்தியாதான்.