இருப்புச் சரக்கின்றி ஓவிய விற்பனை: வைப்பின் தீவுக் கலைஞர்களுக்கு ஒரு புதிய வாய்ப்பு

கைத்தொழில் புரிவோர்க்கும் கலைஞர்க்கும் நமது நாட்டில் திறமை குறைவில்லை. குறைவாக இருப்பது மூலதனமும் சந்தையுமே. நெசவாளர்க்கும் மட்பாண்டத் தொழிலாளர்க்கும் கூட்டுறவுச் சங்கங்கள், விற்பனை நிலையங்கள், கடன் திட்டங்கள் எனப் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. தனித்து நின்று ஓவியம் தீட்டும் கலைஞருக்கோ இத்தகைய ஆதரவு அரிதாகவே கிடைக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் சிற்பி இடம் பெற்றுள்ளார். ஓவியர் இடம் பெறவில்லை. இந்நிலையில், ஓவியத்தின் பிரதிகளை முன்கூட்டியே அச்சிட்டு அடுக்கி வைக்காமல், வாங்குவோர் பணம் செலுத்திய பிறகு ஒவ்வொன்றாக அச்சிட்டு அனுப்பும் முறை, சிறு கலைஞர்க்கு ஒரு புதிய வழியைத் திறந்துள்ளது. அதன் நன்மைகளையும் வரம்புகளையும் கொச்சியை அடுத்த வைப்பின் தீவின் சூழலில் வைத்து ஆராய்வது பயனுள்ளதாகும்.

தீவும் சந்தையும்

கடலுக்கும் காயலுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் குறுகிய நிலம் வைப்பின். தென்கோடியில் கப்பல் வழியைக் கடந்தால் ஃபோர்ட் கொச்சி. அதனை ஒட்டி மட்டாஞ்சேரி. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை எர்ணாகுளத்துக்குச் செல்லப் படகே முக்கிய வழியாக இருந்தது. 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோவின் முதல் தடம் உயர் நீதிமன்றத் துறைக்கும் வைப்பினுக்கும் இடையேதான் தொடங்கப்பட்டது.

போக்குவரத்து வளர்ந்த அளவுக்குத் தீவிலுள்ள ஓவியரின் சந்தை வளரவில்லை. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலே கலைக்காட்சி ஆயிரக்கணக்கானோரை இப்பகுதிக்கு ஈர்த்திருக்கிறது. ஆயினும் அது டிசம்பருக்குப் பின் வரும் சில மாதங்களுக்கு மட்டுமே உரியது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் சுற்றுலாப் பயணிகளின் வருகை குறைகிறது. ஓவியரின் வருவாயும் அத்துடன் வற்றுகிறது. மேலும், மழைக்காலத்து ஈரக்காற்று அச்சிட்டு வைத்த தாளைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்கிறது. ஆண்டு முழுவதும் விற்பனை நடைபெற வேண்டும், ஆனால் வீட்டில் சரக்கு தங்கக் கூடாது என்பதே இங்குள்ள கலைஞரின் தேவை.

வரலாறு தரும் பாடம்

ஓவியத்தை அச்சிட்டு விற்பது நமக்குப் புதியதன்று. திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவி வர்மா, 1894-இல் பம்பாயில் ஓர் அச்சகத்தை நிறுவினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில்நுட்பம் அறிந்தோரும் தருவிக்கப்பட்டனர். அதுவரை பெரும்பாலும் அரண்மனைச் சுவர்களில் காணப்பட்ட அவருடைய வண்ணப் படங்கள் எளியோர் இல்லங்களை அடைந்தன. கலை வெற்றி பெற்றது. வணிகமோ நட்டத்தில் முடிந்தது. கடன் பெருகி, இறுதியில் அச்சகம் ஜெர்மானியத் தொழில்நுட்பரான ஷ்லைஷர் கைக்கு மாறியது. படங்களுக்கு மக்களிடையே வரவேற்பு இருந்தும், இயந்திரம், தாள், இருப்பு ஆகியவற்றில் முடங்கிய மூலதனத்தின் சுமையை ஓவியரால் தாங்க இயலவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சுமையைச் சிவகாசி அச்சகங்கள் ஏற்றுக்கொண்டன. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாக நாடெங்கும் பரவின. அபாயம் அச்சகத்தாருடையது, ஆகவே பெருக்கத்தின் ஆதாயமும் பெரும்பாலும் அவர்களுடையதே. மூன்றாவது வழியை 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னைக்குத் தெற்கே தோன்றிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் காட்டியது. அங்கே ஓவியர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு தம் கலையைக் காத்துக்கொண்டனர்.

அபாயத்தைத் தாமே சுமப்பது, பிறரிடம் விடுவது, ஒன்றுகூடிப் பகிர்ந்துகொள்வது ஆகிய இம்மூன்று வழிகளின் பின்னணியில் புதிய முறையை நோக்கினால் அதன் சிறப்பு விளங்கும். அச்சு இயந்திரம் அச்சகத்தாருடையதாகவே இருக்கிறது; படத்தின் உரிமையும் விலையை நிர்ணயிக்கும் அதிகாரமும் கலைஞரிடமே நிற்கக்கூடும். ‘நிற்கக்கூடும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளக்கப்படும்.

செயல்படும் விதம்

கலைஞர் தம் ஓவியத்தின் மின்வடிவக் கோப்பை அச்சு நிறுவனத்தின் கணக்கில் ஏற்றுகிறார். தாள், துணித்திரை, டி-ஷர்ட், குவளை, பை ஆகியவற்றுள் எவற்றில் அதனை அச்சிடலாம் என்பதைத் தெரிவு செய்து விலை குறிக்கிறார். வாங்குவோர் பணம் செலுத்தியதும் ஆர்டர் அச்சு நிறுவனத்தைச் சென்றடைகிறது. நிறுவனம் அச்சிட்டு, பொதி கட்டி, நேரே வாங்குவோருக்கு அனுப்புகிறது. அடக்க விலை போக மீதி கலைஞருடையது.

இதில் இரு வகை உண்டு. ஒன்று, பல்லாயிரம் கலைஞர்களின் படங்களை ஒரே இடத்தில் விற்கும் பொதுச் சந்தை. 2006-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தோன்றிய ரெட்பபிள் இத்தகையது. வாங்குவோர் அங்கே தாமாகவே வருவர்; ஆனால் வாங்குவோரின் பெயரும் முகவரியும் கலைஞருக்குக் கிட்டா. விதிகளையும் சந்தையே மாற்றும். 2023-இல் அந்நிறுவனம் கலைஞர் பலரின் வருவாயிலிருந்து கணக்குக் கட்டணம் பிடிக்கத் தொடங்கியது இதற்குச் சான்று. மற்றொன்று, கலைஞர் தம் பெயரிலேயே இணையக் கடை அமைத்து, அச்சிடுவதை மட்டும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது. பின்னலாடைத் தொழில் செழித்த திருப்பூரிலும் சென்னையிலும் இப்பணியைச் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. இங்கே வாங்குவோரைத் தேடும் உழைப்பு கலைஞருடையது. பெயரும் தொடர்பும் அவருடையனவே.

வெளிநாட்டு விற்பனையில் இம்முறைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அமெரிக்கா, 800 டாலர் வரையிலான சிறு பொதிகளுக்கு அளித்து வந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. கொச்சியிலிருந்து ஒரு படத்தை அனுப்புவது அதனால் செலவு மிக்கதாயிற்று. வாங்குவோரின் நாட்டிலேயே அச்சிடும் நிறுவனத்தைப் பயன்படுத்தினால், எல்லையைக் கடப்பது கோப்பு மட்டுமே.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இத்தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் தத்தம் தொகைகளை இட்டுப் பார்க்க வேண்டும். ஏ-3 அளவுள்ள ஓர் ஓவியப் பிரதியின் விற்பனை விலை ரூ.600. தனித்தனியே அச்சிட ரூ.260, பொதியும் அனுப்புச் செலவும் ரூ.90, பணப் பரிமாற்றக் கட்டணம் ரூ.12. ஆகச் செலவு ரூ.362, கலைஞருக்கு எஞ்சுவது ரூ.238.

அதே படத்தில் 200 பிரதிகளை ஒருசேர அச்சிட்டால் பிரதிக்கு ரூ.110 ஆகும் எனக் கொள்வோம். முதலீடு ரூ.22,000. ஒவ்வொரு விற்பனையிலும் அனுப்புச் செலவும் கட்டணமும் போக ரூ.498 கைக்கு வரும். முதலீட்டை மீட்கவே 45 பிரதிகள் விற்றாக வேண்டும். இரு முறைகளையும் ஒப்பிட்டால், 84 பிரதிகள் வரை ஒவ்வொன்றாக அச்சிடுவதே ஆதாயம். 85-ஆவது பிரதியிலிருந்து மொத்தமாக அச்சிடுவது மேலானது.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. எந்தப் படம் விற்கும் என்று தெரியாத நிலையில் இருபது படங்களையும் புதிய முறையில் சந்தைக்கு அனுப்பிச் சோதிக்கலாம். அவற்றுள் ஒன்றிரண்டு மட்டும் தொடர்ந்து விற்பனையாகும்போது, அவற்றை மொத்தமாக அச்சிடலாம். ஆக, புதிய முறை சந்தையை அறிவதற்கான மலிவான கருவி. அதுவே இறுதி நிலையாக இருக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் ஒரு செலவையும் கருத வேண்டும். பொருளைப் பெறும்போது பணம் தரும் ஏற்பாட்டில், வாங்குவோர் பொதியைத் திருப்பி அனுப்பினால், மேற்கண்ட கணக்கில் ரூ.350 வீணாகிறது. ஒரு மறுப்பு ஏறத்தாழ ஒன்றரை விற்பனையின் ஆதாயத்தை விழுங்கிவிடுகிறது. ஆதலின் யு.பி.ஐ. போன்ற வழிகளில் முன்பணம் பெறுவதே தக்கது.

கோப்பின் தரம்

அச்சின் தரம் கோப்பின் தரத்தைப் பொறுத்தது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான அளவுகோல். அதன்படி ஏ-3 தாளுக்கு 3,508-க்கு 4,961 புள்ளிகள் கொண்ட கோப்பு வேண்டும். படத்தை வருடிப் பதிவு செய்வது சிறந்தது. புகைப்படம் எடுப்பதாயின், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், படத்துக்கு நேர் எதிரே கருவியை நிறுத்தி எடுத்தல் வேண்டும். கேரளச் சுவரோவிய மரபின் மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய செறிந்த வண்ணங்கள் திரையில் தோன்றுவதுபோல் தாளில் வாரா. எனவே முதற்பிரதியைத் தம் முகவரிக்கே வரவழைத்துப் பார்த்தபின் விற்பனையைத் தொடங்குவது இன்றியமையாதது. பருத்தி ஆடைக்கு ஏற்ற அச்சு முறை வேறு, பூச்சிட்ட குவளைக்கு ஏற்றது வேறு என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

உரிமையைக் காத்தல்

இம்முறையில் கலைஞரின் உண்மையான சொத்து தாளோ துணியோ அன்று, பதிப்புரிமையே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓவியத்தின் உரிமை அது படைக்கப்பட்டவுடன் தோன்றி, கலைஞரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. மூல ஓவியத்தை விற்பதால் மட்டும் பதிப்புரிமை கைமாறுவதில்லை.

எனினும் மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும். முதலாவது, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பணம் பெற்று வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் படம் தீட்டித் தரும் ஓவியர், பிரதி எடுத்து விற்கும் உரிமை தமக்கே என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இணையச் சந்தைகளின் உடன்படிக்கைகள். உரிமம் எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு, அவருக்கு மட்டுமா பிறருக்கும் உண்டா என்பவற்றைப் படித்தறியாமல் ஒப்புதல் அளிக்கலாகாது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் உடன்படிக்கையே ‘உலகம் முழுவதும், என்றென்றும்’ என்று கூறுமானால் இந்தப் பாதுகாப்பு பயன்படாது. மூன்றாவது, பொருள்களில் பதிப்பதற்கென்று உருவாக்கப்பட்ட வடிவமைப்பு. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டால், அது இடப்பெற்ற பொருள் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தியானதும் அவ்வடிவமைப்பின் பதிப்புரிமை அற்றுப்போகிறது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. பதிவு, விற்பனைக்கு முன்னரே செய்யப்பட வேண்டும்.

பிறர் உரிமையையும் மதிக்க வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களுக்குப் பதிப்புரிமை இன்று எவருக்கும் இல்லை. அவற்றைக் கண்டு தம் கையால் வரைந்து தம் கற்பனையைச் சேர்த்தால் அப்படைப்பு வரைந்தவருக்கு உரியது. ஆனால் அவற்றைப் பிறர் எடுத்த புகைப்படத்தை அச்சிட்டு விற்பது அந்தப் புகைப்படக்காரரின் உரிமையில் தலையிடுவதாகும்.

வரியும் பதிவும்

சரக்கு விற்பனைக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சம் வரை சரக்கு-சேவை வரிப் பதிவு தேவையில்லை என்பது கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களில் பொது விதி. ஆயின் பிற மாநிலங்களுக்குச் சரக்கை விற்பவருக்கு இவ்விலக்கு பொதுவாகக் கிட்டுவதில்லை. இணையச் சந்தை வழியே மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்க்கு 2023 அக்டோபர் 1 முதல் நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. படத்தைப் பயன்படுத்த உரிமம் அளித்துப் பங்குத்தொகை பெறுவது சேவையாகும். அதற்கு வரம்பு ரூ.20 லட்சம். ஆகவே விற்பவர் யார், கலைஞரா சந்தை நிறுவனமா, என்பதை உடன்படிக்கையில் தெளிவாக அறிந்த பின்னரே கடையைத் திறக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

புதிய முறை மூலதனத் தடையைப் பெரிதும் நீக்கியுள்ளது. அறிவுத் தடையை நீக்கவில்லை. நல்ல வருடிக் கருவியை ஒரு தனி ஓவியர் வாங்குவது கடினம். ஞாறக்கல், நாயரம்பலம், எளங்குன்னப்புழ போன்ற ஊராட்சிகளில் ஒரு பொதுக் கருவி இருந்தால் தீவின் கலைஞர் அனைவர்க்கும் அது போதும். கேரளத்தில் 2002 முதல் செயல்பட்டுவரும் அக்ஷயா மையங்கள் பதிவுகளுக்கு உதவலாம். 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயின் குழுக்கள், ஓவியம் வல்ல பெண்களின் படங்களை ஒரே கடைப் பெயரில் திரட்டி விற்கலாம். சோழமண்டலம் காட்டிய கூட்டு முயற்சியின் வழி இணையத்துக்கும் பொருந்தும். தனித்தனியே விளம்பரம் செய்வதைவிடப் பத்துப் பேர் கூடிச் செய்வது செலவைக் குறைக்கும்.

ரவி வர்மாவை நலிவித்த இருப்புச் சுமை இன்றைய ஓவியரின் தோளில் ஏற வேண்டியதில்லை. நாட்காட்டி ஓவியர்க்குக் கிட்டாத பிரதி வருவாயும் இன்றைய ஓவியருக்குக் கிட்டக்கூடும். இவ்விரு நன்மைகளும் ஒருசேரக் கிடைக்க, கலைஞர் தம் கணக்கைத் தாமே போடவும், உடன்படிக்கையைத் தாமே படிக்கவும் பழக வேண்டும். அச்சிடும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், உரிமையை ஒப்படைத்துவிடலாகாது.