பனிச்சரிவும் மலைப் பிரயாணமும்

2025-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி அதிகாலையில், பதரிநாதத்துக்கடுத்த மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலை வேலைக்காக வந்திருந்த 54 தொழிலாளிகளின் முகாம்மீது பனி சரிந்து விழுந்தது. ராணுவத்தாரும் பிறரும் மூன்று நாள் வரை தோண்டியதில் 46 பேர் உயிர் தப்பினர். எட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் தங்கியிருந்த இரும்புப் பெட்டி அறைகளுக்குள் அடைபட்டிருந்த காற்றே பலரைக் காத்ததென்கிறார்கள். ஆனால் இதைத் தெய்வச் செயலென்று சொல்லி விட்டுவிடலாகாது. 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் சரிவு நேரக்கூடுமென்று முந்திய நாள் மாலையே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மாணாவோ சுமார் 3,200 மீட்டர் உயரத்திலுள்ளது. எச்சரிக்கையும் இருந்தது, முகாமும் அங்கேயே இருந்தது.

மலைமேலுள்ள பனி ஒரே திரளன்று. ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கை வைத்துச் செல்கிறது. கடுங்குளிரால் சில அடுக்குகள் சர்க்கரையைப் போல உதிரியாகிவிடுகின்றன. அவ்வுதிரியின்மேல் புதுப் பனியின் கனம் ஏறினால், மேலடுக்கு முழுதும் பலகைபோல் பிளந்து வழுக்குகிறது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களே மிகவும் அபாயமானவை. அதனினும் செங்குத்தான இடத்தில் பனி பெரும்பாலும் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துபோகும். காற்றும் இதற்குத் துணை செய்கிறது. முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவிப்பதால், ஓரடி பெய்த நாளிலும் அங்கே பல அடி நிற்கும்.

கூச்சலிட்டால் பனி சரியுமென்பது வீண் நம்பிக்கை. குரலுக்கு அவ்வளவு வலிமையில்லை, காலடிக்கு உண்டு. குளிர்காலத்தில் மலையேறிச் சரிவில் அகப்படுவோரிற் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் கூட்டத்தாரோ மிதித்துக் கிளப்பிய சரிவிலேயே அகப்படுகின்றனர். (நமது உதகைக்கருகில் அவலாஞ்சி என்றோர் இடமுண்டு. பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அப்பெயர். ஆயினும் அங்கு சரிந்தது மண்ணேயாம்.)

ஆகையால் புயல் வீசும்போதும், அது ஓய்ந்தபின் ஓரிரு நாளும், சாய்வான இடங்களையும் அவற்றின் அடிவாரத்தையும் விட்டு விலகியிருப்பதே உத்தமம். வானம் தெளிந்துவிட்டதென்று உடனே புறப்படுவதைப் போன்ற பேதைமை வேறில்லை. காலடியில் பனி ‘தொம்’மென்று அமுங்கினாலும், விரிசல் ஓடினாலும், எதிர்ச் சரிவில் புதிதாகப் பனி விழுந்திருந்தாலும் வந்த வழியே திரும்பவேண்டும். கடந்தே தீரவேண்டிய இடத்தை ஒருவர்பின் ஒருவராகக் கடப்பதும், மற்றவர் பத்திரமான இடத்தில் நின்று பார்த்திருப்பதும் முறை. ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைக் காட்டும் ரேடியோக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். பனிக்கடியில் மனிதனைக் கொல்வது பெரும்பாலும் குளிரன்று, மூச்சுத் திணறலே. முதற் பத்து நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்டோரில் மிகப் பலர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் பிழைப்போர் சிலரே. வெளியூரிலிருந்து உதவி வருமுன் காலம் கடந்துவிடும். கூட வந்தவனே காப்பாற்றவேண்டும்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. 2016-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலையத்தில், மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர் புதையுண்டனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறாம் நாள் ஹனுமந்தப்பா என்னும் கன்னட வீரர் உயிருடன் எடுக்கப்பட்டார். தேசமே அவருக்காகப் பிரார்த்தித்தது. 11-ந் தேதி அவரும் உயிர் நீத்தார்.

உல்லாசப் பிரயாணி வேண்டாமென்றால் வீட்டிலிருக்கலாம். காவல் காப்பவனுக்கும் கூலிக்குக் கல்லுடைப்பவனுக்கும் அந்தச் சுதந்திரம் ஏது? சரிவின் பாதையைப் படத்தில் குறிக்கவும், முன்கூட்டிச் சொல்லவும் வல்ல நிபுணர் நம் நாட்டிலேயே இருக்கின்றனர். அவர்கள் சொல் முகாம் மேஸ்திரி வரை எட்டுகிறதா? எட்டினால், வேலையை நிறுத்தி ஆட்களைக் கீழே இறக்கும் அதிகாரம் அவருக்குண்டா? இறங்கிய நாட்களுக்குக் கூலி உண்டா? மாணாவில் மாண்ட எண்மரின் பேரால் இம்மூன்று கேள்விகளையும் பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் கேட்பார்களாக.